இரண்டே கட்டம்

படக்காரர் என்றதும் சினிமா எடுக்கிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் எடுத்த படங்களில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, கதாநாயகியே வந்து படுத்தாலும் எலும்பும் நரம்புமாகத்தான் தெரிவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், ஸ்கேன் எடுக்கிற அறையில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் படக்காரர்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. இயந்திரம் சூடாகிவிடக் கூடாது என்று வருடம் முழுக்கக் குளிர வைத்திருப்பார்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பெரிய குழாய் மாதிரி இயந்திரமும், அதற்குள் ஆளைக் கொண்டுபோகும் மேசையும். இந்தப் பக்கம் திரை, விசைப்பலகை, ஒரு சுழல் நாற்காலி, நாற்காலியின் முதுகில் படக்காரரின் சாம்பல் நிற ஸ்வெட்டர். ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களைத் தூக்கி மேசையில் கிடத்துவது, காலை நேராக்குவது, "அசையாதீங்க, பயப்படாதீங்க, சத்தம் மட்டும்தான் வரும்" என்று சொல்வது, பிறகு இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்ப்பது. இதுதான் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேர்.

இருபத்திரண்டு வருடம் திரையைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் கண் திறந்துவிடும். அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே திறந்திருந்தது. எது கோளாறு, எது வயசு, எது சும்மா என்று டாக்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். இது எலும்பு டாக்டருக்குத் தெரியும். அவருடைய அறை வாசலில் காலையில் எண்பது பேர் காத்திருப்பார்கள். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் அவர் படக்காரரைக் கூப்பிட்டு, "படத்துல ஒண்ணுமே இல்லைன்னா உறையில ஏதாவது அடையாளம் போட்டு வைப்பா. எனக்கு நேரம் மிச்சமாகும்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வட்டம். உறையின் மேல்மூலையில், பென்சிலால், பட்டாணி அளவுக்கு ஒன்று. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம். வட்டம் போட்ட உறை வந்தால் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஒப்புக்குத்தான். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறீங்க. முதல் மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, போய்ப் பேசுங்க." அவ்வளவுதான், அடுத்த ஆள்.

படக்காரருக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தன் வட்டம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று டீ குடிக்கிற இடத்தில் சொல்லிக்கொள்வார். தப்பியதா இல்லையா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? வட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வராதவர்களெல்லாம் குணமாகிவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சில நாள் வீட்டில் சாப்பிடும்போது கதையாகவும் சொல்வார். "இன்னைக்கு ஒரு அம்மா. படத்துல ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷமா போங்கன்னு சொன்னேன். உடனே ஓன்னு அழுதுட்டாங்க. நோய் இல்லைன்னு சொன்னா அழற ஆளை எங்கயாவது பார்த்திருக்கியா?"

அவர் மனைவி சிரிப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் படிப்படியாகப் போட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்கிற ரகம். படத்தில் இல்லாதது உடம்பில் இல்லை என்ற தன் புருஷனின் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவருக்கு நாற்பத்தொன்பது முடிந்த மாதம், ஒரு புதன்கிழமை காலை, நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வந்தார். தலைப்பக்கம் படக்காரர், கால்பக்கம் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தூக்கும்போது கால்பக்கத்து ஆள் பாதியில் பிடியை விட்டுவிட்டார். மொத்த எடையும் இந்தப் பக்கம் சாய்ந்தது. படக்காரரின் இடுப்பில் சுருக்கென்றது. நோயாளியைக் கீழே போடாமல் சமாளித்து மேசையில் கிடத்திவிட்டு, படத்தையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

சுளுக்கு என்று நினைத்தார். மூன்று வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று. வலி இடுப்பிலிருந்து இறங்கி இடது கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் வந்து தங்கிவிட்டது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி காலை உள்ளே யாரோ பிழிந்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. பேருந்தில் இடம் கொடுத்தால் வேண்டாம் என்பார், கொடுக்காவிட்டால் கோபம் வரும். காலுறை மாட்டுவது ஒரு பெரிய காரியமாகிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, ஒரு காலுக்கு நான்கு நிமிடம்.

இப்படி இருக்கிறவர் ஒரு நாளைக்கு முப்பது பேரைத் தூக்கிக் கிடத்த முடியுமா? முடியாது. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு வழி இருந்தது, பணியாளர் உடல்நிலைப் படிவம். அதில் ஏழாவது கேள்வி, நோயின் தன்மை. எதிரே இரண்டு கட்டம். ஒன்று உடல் சார்ந்தது, இன்னொன்று மனம் சார்ந்தது. ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும். உடலில் குறி விழுந்தால் தூக்குகிற வேலையிலிருந்து விடுதலை. திரைக்கு முன்னால் நாற்காலியில் இருந்தபடி, வேண்டும்போது எழுந்து நடந்து, ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டிவிடலாம். மனதில் குறி விழுந்தால் வாரம் ஒருமுறை முதல் மாடியில் பேச்சு, மற்றபடி அதே வேலை. வேலையில் ஈடுபட்டிருப்பது மனதுக்கு நல்லது என்று அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அச்சடித்த மகராசன் ஒருநாளாவது நூற்றுப் பத்துக் கிலோவைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

படக்காரர் தனக்கே படம் எடுத்துக்கொண்டார். கூட வேலை பார்க்கும் பெண்தான் எடுத்தாள். அவளை அவர் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். பத்து வருடப் பழக்கம். எடுத்து முடித்து, உறையில் போட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். உறையின் மேல்மூலையில் பென்சில் வட்டம் இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பழக்க தோஷம்ணே. கை தானா போட்டுடுச்சு. அழிச்சிடறேன், குடுங்க."

"படத்துல ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்லண்ணே. சின்னப் பையன் முதுகு மாதிரி இருக்கு."

அவள் ரப்பரைத் தேடுவதற்குள் அவர் உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அழிப்பது ஏமாற்று வேலை என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

எலும்பு டாக்டர் உறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தர்மசங்கடமாகச் சிரித்தார். "உனக்கு நான் என்னப்பா சொல்ல? நீயே ஆயிரம் பேருக்குச் சொன்னவன்."

"வலிக்குது டாக்டர்."

"வலிக்கும். இல்லைன்னு சொல்லல. ஆனா நான் எதைப் பார்த்து உடம்புன்னு எழுத? மேல போய் டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் பிரச்சினை அன்றைக்குச் சாயங்காலம்தான் ஆரம்பித்தது. படத்தில் ஒன்றும் இல்லை என்று கேட்டதும் மனைவி கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். ஏழு மாதமாக அவர் காலுக்குத் தைலம் தேய்த்தவள். துணி காயப்போடுவது, கடைக்குப் போவது, மாடிக்குத் தண்ணீர் எடுத்துப் போவது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

"அப்ப ஏழு மாசமா நான் எதுக்குத் தேய்ச்சேன்?"

"வலி இருக்கும்மா. பொய்யா சொல்றேன்?"

"பொய்யுன்னு சொல்லல. படத்துல இல்லாதது உடம்புல இல்லைன்னு இத்தனை வருஷமா சொன்னது யாரு? நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா?"

தான் சொன்னதைத் தானே எதிர்த்து வாதாட வேண்டிய நிலைமை பகைவனுக்கும் வரக் கூடாது. அன்று அவள் தைலம் தேய்த்தாள், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு தேய்த்தாள்.

முதல் மாடி டாக்டரம்மா கொஞ்சம் வேறு மாதிரி ஆள். மேசைமேல் இருந்த படிவத்தைத் தொடாமல், அவரை எழுந்து நடந்துகொண்டே பேசச் சொன்னாள். அவரும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வட்டத்தைப் பற்றியும் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருஷக்கணக்கா என்கிட்ட வர்றவங்க முகத்துல ஒரு அவமானம் இருக்கும். ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"எனக்கு என்னதான் டாக்டர்? உடம்பா, மனசா?"

"எனக்குத் தெரியாது. நெசமாவே தெரியாது. நரம்பு ஒருதடவை பயந்துட்டா, அடிபட்ட இடம் ஆறின பிறகும் கத்திக்கிட்டே இருக்கும். அதை உடம்புங்கறதா, மனசுங்கறதா? கவலைப்பட்டா வலி கூடும், வலி கூடினா கவலை கூடும். எதுல கோடு கிழிக்க? இந்தப் படிவம் அடிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு போல."

"அப்ப ரெண்டு கட்டத்துலயும் போடுங்களேன்."

"போன வருஷம் ஒரு நர்சுக்குப் போட்டேன். ஏதேனும் ஒன்றில் மட்டும்னு சிவப்பு மையில அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப உடம்புல போட்டுடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

"அந்தக் கட்டத்துல நான் கை வைக்க முடியாது. எலும்பு டாக்டர்தான் போடணும்." அவள் படிவத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். "ரெண்டு மாசம் இது இங்கயே இருக்கட்டும். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன், அதுவரைக்கும் மனசுன்னு குறி விழாது. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

அவ்வளவு நல்ல டாக்டருக்கு முடிந்தது ஒரு படிவத்தை இரண்டு மாதம் ஒளித்துவைப்பது. படக்காரர் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்கினார்.

ஆறாவது வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். இவரைப் போலவே ஐம்பது வயது, இவரைப் போலவே உயரம், இடது கால். படம் திரையில் வந்ததும் படக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். டிஸ்க் பிதுங்கி நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. பாடப் புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு படம். தன் உடம்புக்குள் இருக்க வேண்டியது தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவருக்கு ஒரு எண்ணம். அடுத்தவன் நோயைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தங்கச்சி மதியம் சாப்பிடப் போயிருந்தாள். டிரைவரின் படத்தை டிரைவரின் உறையில் பத்திரமாக வைத்தார். பிறகு அதே படத்தை இன்னொரு பிரதி எடுத்தார், மேலே வருகிற பெயரையும் எண்ணையும் தன்னுடையதாக மாற்றி. ஐந்து நிமிட வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்தில் இடது வலது மாறியதில்லை அவருக்கு. இன்றைக்கு ஆளையே மாற்றினார். யாருக்கும் கெடுதல் இல்லையே என்று சொல்லிக்கொண்டார். டிரைவருக்கு அவர் படம் கிடைத்துவிட்டது. தனக்கு வலி இருப்பது சத்தியம். சத்தியத்துக்கு ஒரு அத்தாட்சி இல்லை, இரவல் வாங்கினேன், அவ்வளவுதானே. உறையில் வட்டம் போடாமல், வலி கூடியதால் மறுபடி எடுத்ததாகச் சொல்லி, எலும்பு டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அடப்பாவி மனுஷா! இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஆளைத் தூக்கிக்கிட்டிருந்தே? போன படத்துல தெரியாம இருந்தது இப்ப வெளிய வந்திருக்கு. நான் மேல போன்னு அனுப்பிட்டேனே. மன்னிச்சிடுப்பா."

மன்னிச்சிடுப்பா என்ற அந்த ஒரு சொல்லில் படக்காரர் உடைந்துபோனார். டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை உண்மை, வலி உண்மை, அந்தப் படம் மட்டும்தான் பொய். முதல் மாடியிலிருந்து படிவம் வந்தது. டாக்டர் உடல் என்ற கட்டத்தில், கட்டத்தை மீறி வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாக ஒரு குறி போட்டார். மறுநாளிலிருந்து நாற்காலி.

வீட்டில் மனைவி படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவர் விரலால் காட்டினார், இதோ இதுதான் டிஸ்க், இதோ இதுதான் நரம்பு. "நான் என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். சுவரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரை நிஜமாகவே கதிகலங்க வைத்தது. வலி குறைந்தது. பதினோரு நாள். காலுறை ஒரு நிமிடத்தில் ஏறியது. சந்தோஷப்பட வேண்டியவர் கணக்குப் போட ஆரம்பித்தார். எல்லோரும் நம்பியதும் வலி குறைகிறதென்றால் அது என்ன வலி? அப்படியானால் மனசுதானா? தங்கச்சி போட்ட வட்டம் சரிதானா? குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் காலைத் தானே கிள்ளிப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது வலி பழைய இடத்திலேயே, பழைய உரிமையோடு வந்து உட்கார்ந்தது. அது வந்ததும் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைத்த வெட்கத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் நாற்காலியில் போயிற்று. ஒருநாள் எலும்பு டாக்டர் கூப்பிட்டார். "ஓய்வு கொடுத்தாச்சு, மாத்திரை கொடுத்தாச்சு. இன்னும் வலின்னா இனிமே கத்திதான். அந்த லாரி டிரைவர் ஞாபகம் இருக்கா? உன்னை மாதிரியே கேஸ். அறுத்துச் சரி பண்ணினேன், நாலாம் நாள் நடந்து போனார்."

படக்காரர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "இல்ல டாக்டர், இப்படியே சமாளிச்சுக்கறேன்."

"பயமா? நம்ம ஆளுக்குத்தான் முதல் இடம். வர்ற செவ்வாய்க்கிழமை காலையில முதல் கேஸ் நீதான்."

மறுத்தால் வலி இல்லை என்று ஆகும். ஒத்துக்கொண்டால் நல்ல முதுகை அறுப்பார்கள். அவர் வலையை அவரே பின்னி, அவரே உள்ளே போய் உட்கார்ந்து, கதவையும் சாத்திக்கொண்டிருந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் ஒரு மாத விடுப்பு சொல்லிவிட்டாள். தங்கச்சி அவருடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னாள். எல்லோரும் அவரிடம் இவ்வளவு அன்பாக இருந்தது அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்த அன்பில் மாட்டிக்கொண்டு அவர் மூச்சுத் திணறினார்.

இதில் ஒன்றை அவர் அடியோடு மறந்துபோயிருந்தார். கத்தி வைப்பதற்கு முன்னால் புதிதாக ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி விதி. எத்தனையோ நோயாளிகளுக்கு அவரே இதைச் சொல்லி எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை தங்கச்சி, "வாங்கண்ணே, படுங்க" என்று மேசையைத் தட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. படுத்தார். குழாய்க்குள் போகும்போது, சரி, முடிந்தது, வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார். வேலை போகும், மானம் போகும், ஆனால் அறுக்க மாட்டார்கள். இருபது நிமிடமும் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். அது லாரி டிரைவரோட படம் டாக்டர், என்னோடது இல்ல.

வெளியே வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. தங்கச்சி படத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடியிருந்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேசையைப் பிடித்தபடி நின்றார். எலும்பு டாக்டரே இறங்கி வந்தார், பின்னால் நான்கு இளம் டாக்டர்கள். வந்த வேகத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கரைஞ்சு போச்சுய்யா! அடையாளமே இல்ல! பிதுங்கின டிஸ்க் சில பேருக்குத் தானா கரையும்னு படிச்சிருக்கேன். இவ்வளவு சுத்தமா என் சர்வீஸ்ல பார்த்ததில்ல!"

"டாக்டர்... வலி அப்படியே இருக்கு."

"இருக்கும், இருக்கும். பழகின வலி உடனே போகுமா? நாலு நாள்ல ஓடிடும்."

"இல்ல டாக்டர், அந்தப் போன படம்..."

"அதைத்தான் கேட்க வந்தேன். அதைப் பத்திரமா எடுத்துக் குடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெள்ளிக்கிழமை டாக்டர்கள் கூட்டத்துல காட்டணும்."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் போட்ட வட்டம் இத்தனை மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு விட்டது. மனப்பாடம் செய்த வாக்கியம் படக்காரரின் தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கினார். நாளைக்கு இன்னும் கஷ்டம் என்பது அவருக்கே தெரியும்.

டாக்டர் படிவத்தை வாங்கி, இரண்டு கட்டத்தின் மீதும் சேர்த்து ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் குணமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடலும் போயிற்று, மனமும் போயிற்று. இப்போது அந்தப் பென்சில் வட்டத்தையே யாராவது திருப்பிக் கொடுத்தால்கூட இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டிருப்பார். அதிலாவது வலிக்கு ஒரு இடம் இருந்தது.

வீட்டுக்கு அவருக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. மனைவி போனில் தன் அக்காவிடம் மூன்றாவது முறையாக முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு வந்து அவர் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பீரோவுக்குப் பின்னாடி சுவர் ஓதம் ஏறிக் கிடக்குங்க. உங்களுக்கு முடியலையேன்னு வாயைத் திறக்காம இருந்தேன். ஒரு கை பிடிங்க" என்றாள்.

"எனக்கு இன்னும் வலி இருக்கும்மா."

அவள் முகம் ஒரு நொடி வாடியது. "அப்படிச் சொல்லாதீங்க. அபசகுனமா. படத்துலயே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரே." அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நகர்த்தினார். தைலப் பாட்டில் மறுநாள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

முதல் மாடிக்குப் போகலாம் என்று இரண்டு முறை கிளம்பினார். டாக்டரம்மாவிடம் வலி இருக்கிறது என்றால் எப்படி என்பாள், எப்படி என்று சொல்ல லாரி டிரைவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறையும் படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரத்திலிருந்து தூக்குகிற வேலை. தலைப்பக்கம் அவர்தான், முன்பு மாதிரியே. ஒவ்வொரு முறை குனியும்போதும் பல்லைக் கடித்துக்கொள்வார். தங்கச்சி, "இப்பல்லாம் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கீங்கண்ணே" என்பாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு படமும் கைதட்டு வாங்கிய பிறகு எலும்பு டாக்டருக்கு ஒரு புது வசதி கிடைத்திருந்தது. படத்தில் ஒன்றும் இல்லாத நோயாளிகளிடம் அவர் இப்போது முதல் மாடியைப் பற்றிப் பேசுவதில்லை. கீழ்த்தளத்தில் இருக்கிற படக்காரரைப் பற்றிப் பேசினார். எவ்வளவு பெரிய வலி, தானாகப் போயிற்று, வேண்டுமானால் போய் அவரையே கேளுங்கள் என்றார்.

அப்படி ஒரு பெண் வந்தாள். துணிக்கடையில் விற்பனைப் பெண், எட்டு வருடமாக இடுப்பு வலி. நாள் முழுக்க நின்றபடி வேலை, உட்கார்ந்தால் மேலாளர் முறைப்பார். இதற்கு முன் வேறு இரண்டு இடத்தில் படம் எடுத்து, இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதாக இங்கே எடுத்ததும் அப்படித்தான் என்று திரையைப் பார்த்ததுமே படக்காரருக்குத் தெரிந்துவிட்டது. மேசையிலிருந்து அவளை இறக்கிவிடப் போனார். அவள் முதலில் ஒரு காலை இறக்கி, மூச்சைப் பிடித்து, இன்னொரு காலை இறக்கினாள். அந்த இறங்குகிற முறை அவருக்கு அத்துப்படி.

"அண்ணே, மேல டாக்டர் சொன்னாரு. உங்களுக்கும் இதே மாதிரி வலியாமே. சுத்தமா போயிடுச்சாமே, நெசமாண்ணே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இருந்தாள். பேச்சு இரண்டு பக்கமும் கேட்கிற அறை அது. படக்காரரின் இடது கால் அந்த நேரத்தில் மரத்துப்போய்க் கொதித்துக்கொண்டிருந்தது. வலது காலில் எடையைப் போட்டு நின்றார்.

"போயிடுச்சும்மா."

"கொஞ்சம்கூட இல்லையா? குனியும்போது, காலையில எந்திரிக்கும்போது?"

"இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள். "அப்ப எனக்கு மட்டும்தான் போகமாட்டேங்குது. நான்தான் அதை விடமாட்டேங்கறேன் போல. எங்க வீட்டுலயும் அதான் சொல்றாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, கதவு வரைக்கும் போய், திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்லண்ணே. உங்களுக்காவது விட்டுச்சே. நல்லா இருங்க."

அவளைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் பதறியது. ஒரு வார்த்தை போதும், எனக்கும் இருக்கும்மா என்று. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் போவதைப் பார்த்தபடி நின்றார். திருப்பத்தில் அவள் மறைகிற வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.